நண்டின் ஓட்டத்தை நோயாளிக்குக் கொடுக்காதீர்கள்

வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி என்னும், மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வை எழுதும் செவிலியர்களுக்குப் பதினான்கு ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். போன மாதம் திருத்திய பயிற்சித் தாளில் ஒரு வரி என்னை நிறுத்தியது. எழுபத்தெட்டு வயது முதியவர், இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து நான்காம் நாள், வாக்கரைப் பிடித்துக்கொண்டு கழிவறைவரை ‘ஸ்கட்டில்’ செய்தாராம்.

எழுதியவர் நன்றாகப் படிக்கும் பெண். ஏன் இந்தச் சொல் என்று கேட்டேன். “நடந்தார், நடந்தார் என்றே எத்தனை முறை எழுதுவது மேடம்? சொல்லை மாற்றிப் போட்டால் மதிப்பெண் கூடும் என்றார்கள்” என்று கைப்பேசியில் ஒரு பட்டியலைக் காட்டினார். டார்ட், டாஷ், ஸ்கர்ரி, ஸ்கட்டில், ஸ்கேம்பர், ஃபிளிட். எல்லாம் ஒரே வரியில், நடுவே காற்புள்ளி மட்டும்.

அந்தக் காற்புள்ளியை நம்பித்தான் நம் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். இரவில் விளக்கைப் போட்டதும் கரப்பான் பூச்சி சரசரவென்று சுவர் இடுக்குக்குள் மறைகிறதே, அதுதான் ஸ்கட்டில். மணலில் நண்டு ஓடுவதும் அதுவே. மனிதரைப் பற்றிச் சொன்னால் இளக்காரம் வந்து ஒட்டிக்கொள்ளும். வலியோடு அடி எடுத்து வைத்த ஒரு பெரியவரைச் செவிலியரே கேலி செய்வதுபோல் ஆகிவிடுகிறது.

ரோஜே என்ற ஆங்கிலேய மருத்துவர் 1805இல் தனக்காகத் தொடங்கிய சொல் தொகுப்பை 1852இல் நூலாக வெளியிட்டார். பொருளால் நெருங்கிய சொற்களை அருகருகே வைத்தார், பொருந்துவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்காக. அருகருகே இருப்பதாலேயே அவை ஒன்றுக்கொன்று மாற்றாகிவிடாது.

நாம் தடுமாறுவதற்கு நம் மொழியின் அமைப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். குடுகுடுவென்று ஓடினான், விருட்டென்று ஓடினான், தலைதெறிக்க ஓடினான் என்கிறோம். வினை ‘ஓடு’ ஒன்றுதான். எப்படி ஓடினான் என்பதை முன்னால் நிற்கும் சொல் காட்டிவிடுகிறது. ஆங்கிலமோ அந்தக் ‘குடுகுடு’வைப் பெரும்பாலும் வினைக்குள்ளேயே வைத்துத் தைத்துவிடும். மாணவர்கள் ‘ஓடு’வை மட்டும் எடுத்துக்கொண்டு ‘குடுகுடு’வை விட்டுவிடுகிறார்கள்.

அதனால் வகுப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் நம் அடைமொழியையே தேடச் சொல்கிறேன். குழந்தையும் அணிலும் குடுகுடுவென்று ஓடுவது ஸ்கேம்பர். திடீர் மழைக்குக் கடையோரம் ஒதுங்கச் சின்னச் சின்ன அடிகளாகப் பதறி ஓடினால் ஸ்கர்ரி. டார்ட் என்பது முதலில் எறியும் ஆயுதத்தின் பெயர். சட்டென்று நேர்கோட்டில் பாய்வதைத்தான் அது குறிக்கும். சிட்டுக்குருவி தத்துவதும், பிள்ளைகள் நொண்டி ஆடுவதும் ஹாப். தேன்சிட்டு பூவுக்குப் பூ, எடையே இல்லாததுபோல் தாவிப் பறப்பது ஃபிளிட். ஸ்காட்லாந்துக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: அங்கே சக செவிலியர் சனிக்கிழமை ‘ஃபிளிட்’ செய்கிறேன் என்றால் வீடு மாறுகிறார் என்று பொருள்.

ஸ்கிப் துள்ளல்தான். ஆனால் மருந்துக் குறிப்பில் வந்தால் ஒரு வேளைக்கான மருந்து தவறியது என்றாகும்.

எனக்கு மிகவும் கவலை தருவது ஃபிளட்டர். படபடவென்று சிறகடிப்பது என்று படித்தவர்கள், நெஞ்சு படபடக்கிறது என்று நோயாளி சொன்னதும் குறிப்பில் ‘ஃபிளட்டர்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஏட்ரியல் ஃபிளட்டர் ஒரு நோயின் பெயர். இதயத்தின் மேலறை நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 முறை துடிக்கும்; இசிஜியில் ரம்பப் பற்களைப்போல் அலை தெரியும். நோயாளி சொன்ன படபடப்புக்குப் ‘பால்பிடேஷன்’ என்ற சொல் இருக்கிறது. நோயாளியின் வாய்ச்சொல்லே வேண்டுமென்றால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். செவிலியர் கண்டறியாத நோயைக் குறிப்பில் ஏற்றிவிடக் கூடாது.

ஓஇடி எழுத்துத் தேர்வில் சுருக்கமும் தெளிவும் தனி அளவுகோல், துறைக்கேற்ற நடை இன்னொன்று. சொல்லை மாற்றிக்கொண்டே இருப்பதற்கென்று அதில் ஓர் அளவுகோல் கிடையாது. இதை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது முகத்தில் நிம்மதி தெரிந்தது. தாளை வாங்கி, பிரிட்டன் வார்டுகளில் புழங்கும் ‘மொபிலைஸ்’ என்ற சொல்லைப் போட்டு வரியைத் திருத்தினார்: வாக்கருடன், ஒருவர் துணையோடு, கழிவறைவரை நடமாடினார். பிறகு அவராகவே ஒன்றைச் சேர்த்தார்: திரும்பும்போது வலி என்றார்.