தற்காப்புச் சட்டம்: பயப்பட யாருக்கு உரிமை?

தாக்க வருபவரிடமிருந்து உயிரைக் காத்துக்கொள்ளத் திருப்பி அடிப்பது குற்றமில்லை. ஏறக்குறைய எல்லா நாட்டுச் சட்டங்களும் இதை ஏற்கின்றன. நிபந்தனைகளும் பெரும்பாலும் ஒன்றுதான். ஆபத்து கண்முன்னே இருக்க வேண்டும். நேற்று அடித்தவரை இன்று தேடிப்போய் அடித்தால் அது பழிவாங்கல். எதிர்ப்பு ஆபத்தின் அளவை மீறக் கூடாது. கன்னத்தில் அறைந்தவரைக் கத்தியால் குத்திவிட்டுத் தற்காப்பு என்று சொல்ல முடியாது. வம்பை ஆரம்பித்தவருக்கு இந்த உரிமை பொதுவாகக் கிடையாது. தாக்கியவர் ஓடிவிட்டால் உரிமையும் அத்தோடு முடிந்தது.

இதுவரை சிக்கல் அதிகமில்லை. சிக்கல் 'நியாயமான அச்சம்' என்ற நிபந்தனையில்தான். உண்மையிலேயே ஆபத்து இருந்ததா என்பதைவிட, நிதானமான ஒருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் உயிருக்குப் பயந்திருப்பாரா என்பதையே சட்டம் பார்க்கிறது. எதிராளி பையிலிருந்து எடுத்தது வெறும் செல்போனாக இருக்கலாம். அதைத் துப்பாக்கி என்று நம்பத் தகுந்த காரணம் இருந்தால் தற்காப்பு செல்லும். ஆனால் யாரைப் பார்த்துப் பயப்படுவது நியாயம்? அதை முதலில் முடிவு செய்வது சம்பவ இடத்துக்கு வரும் போலீஸ்காரர், அடுத்து அரசு வழக்கறிஞர். நீதிமன்றத்தின் முறை கடைசியில்தான். இவர்கள் மனதில் யார் ஏற்கெனவே 'ஆபத்தானவர்' என்று பதிந்திருக்கிறாரோ, அவரைச் சுட்டவரின் பயம் சுலபமாக நியாயமாகிவிடுகிறது.

இதை வெளிச்சம் போட்டுக் காட்டிய நாடு அமெரிக்கா. வெளியிடத்தில் ஒருவர் தாக்கப்பட்டால், பத்திரமாக விலகிப்போக வழியிருக்கும்போது உயிரைப் பறிக்கும் அளவுக்கு எதிர்க்கக் கூடாது என்பது அங்கே பல மாநிலங்களில் இருந்த விதி. 2005-ல் புளோரிடா மாநிலம் அந்தக் கடமையை நீக்கியது. இருக்க உரிமையுள்ள இடத்தில், குற்றச் செயலில் ஈடுபடாமல் இருப்பவர் பின்வாங்க வேண்டியதில்லை. தற்காப்பு என்று முடிவானால் அவர்மீது வழக்கே தொடர முடியாது. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் விலகிப்போகும் கடமை இல்லை.

2012 பிப்ரவரியில் அதே புளோரிடாவில், கையில் ஆயுதம் இல்லாத 17 வயது கறுப்பினச் சிறுவன் ட்ரேவான் மார்ட்டின் சுட்டுக் கொல்லப்பட்டான். சுட்டவர் தற்காப்பு என்றார். ஆறு வாரங்களுக்கு மேல் அவரைக் கைது செய்யவில்லை. அடுத்த ஆண்டு ஜூரி அவரை விடுவித்தது. அவருடைய வழக்கறிஞர்கள் புதிய சட்டத்தின் வழக்கு விலக்கைக் கேட்கவே இல்லை, சாதாரணத் தற்காப்பு வாதத்தையே வைத்தார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

எண்கள் சொல்வது இன்னும் கடுமையானது. 2005 முதல் 2010 வரையிலான எஃப்.பி.ஐ. பதிவுகளை அர்பன் இன்ஸ்டிட்யூட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஆய்வு செய்து 2013-ல் வெளியிட்டது. வெள்ளையர் கறுப்பினத்தவரைக் கொன்ற வழக்குகளில் 11 சதவீதத்துக்கு மேல் 'நியாயமான கொலை' என்று முடிந்திருந்தன. கறுப்பினத்தவர் வெள்ளையரைக் கொன்ற வழக்குகளில் அது 1 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. சம்பவம் எங்கே, எப்படித் தொடங்கியது என்பதெல்லாம் அந்தப் பதிவுகளில் இல்லை. ஆகவே இதை மட்டும் வைத்துப் பாரபட்சம் நிரூபணமாகிவிட்டது என்று சொல்வது சரியல்ல. ஆனாலும் இத்தனை பெரிய இடைவெளியைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

பெண்கள் விஷயத்தில் பாரபட்சம் விதியின் அமைப்பிலேயே இருக்கிறது. ஏறக்குறைய சம பலமுள்ள இரண்டு ஆண்கள் தெருவில் மோதிக்கொள்வதை மனதில் வைத்து வளர்ந்த விதி இது. வருடக்கணக்கில் அடிவாங்கும் பெண்ணுக்கு ஆபத்து அந்த ஒரு கணத்தில் மட்டும் இருப்பதில்லை; அடி விழும் கணத்தில் திருப்பி அடிக்கும் பலமும் பலருக்கு இருப்பதில்லை. கனடா உச்ச நீதிமன்றம் 1990-ல் லவாலி வழக்கில் இதை ஏற்றது. அறையை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்த துணைவரைப் பின்னாலிருந்து சுட்டவர் அந்தப் பெண். அன்றிரவு அவளைக் கொல்லப்போவதாக அவர் மிரட்டியிருந்தார். தொடர் வன்முறைக்குள் வாழும் பெண் எதை ஆபத்தாக உணர்வாள் என்பதற்கு நிபுணர் சாட்சியம் கேட்கலாம் என்று நீதிமன்றம் கூறியது. அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த விடுதலையும் நிலைத்தது.

புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் 2010-ல் நடந்ததையும் பார்க்க வேண்டும். கணவர் மிரட்டியதால் ஒரு கறுப்பினப் பெண் எச்சரிக்கையாக ஒரு முறை சுட்டார், யாருக்கும் காயமில்லை. கார் ஷெட்டுக்குப் போய்த் துப்பாக்கியோடு வீட்டுக்குள் திரும்பி வந்தது பயந்தவர் செய்யும் காரியமல்ல என்று நீதிபதி வழக்கு விலக்கை மறுத்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் 3 ஆண்டு என்றது அரசுத் தரப்பு. அவர் மறுத்து விசாரணைக்குப் போனார். ஜூரி 12 நிமிடத்தில் குற்றவாளி என்றது. துப்பாக்கிக் குற்றங்களுக்கான கட்டாயத் தண்டனைச் சட்டப்படி 2012-ல் 20 ஆண்டு சிறை. தற்காப்பை அவரே சந்தேகத்துக்கிடமின்றி நிரூபிக்க வேண்டும் என்று ஜூரிக்குச் சொன்னது தவறு எனக் கூறி, 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. 2014-ல், தற்காப்புக்காகத் தாக்காமல் மிரட்டுவதோடு நிறுத்திக்கொள்பவருக்கும் பாதுகாப்பு உண்டு என்று புளோரிடா சட்டத்தைத் திருத்தியது. அந்த ஆண்டு அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சமரசத்துக்கு வந்தார். தண்டனை, முதலில் பேசிய அதே 3 ஆண்டு.