அறுந்தால்தான் ஸ்ட்ரிங் மாற்ற வேண்டுமா?

"ஸ்ட்ரிங் இன்னும் அறுந்து போகலையே சார், எதுக்கு மாத்தணும்?" டென்னிஸ் பழகும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கேட்காத வாரமே இல்லை. ராக்கெட்டை வாங்கிப் பார்த்தால் உள்ளே முழுக்க பாலியெஸ்டர். எப்போது போட்டது என்றால், "போன லீவுல" என்று பதில். பிள்ளைக்கு முழங்கை வலி. பிசியோதெரபிக்குப் போயாயிற்று, சர்வீஸ் போடும் முறையை மாற்றியாயிற்று. ராக்கெட்டை மட்டும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஸ்ட்ரிங் அறுவது வேறு, டென்ஷன், அதாவது அதன் இறுக்கம், போவது வேறு. நெடுக்காக ஓடும் மெயினும் குறுக்காக ஓடும் கிராஸும் உரசி உரசி, சந்திக்கும் இடத்தில் பள்ளம் விழுந்தால் அறும். டென்ஷன் குறைய அந்த உரசல்கூடத் தேவையில்லை. ஸ்ட்ரிங் போடும் மெஷினிலிருந்து ராக்கெட்டைக் கழற்றிய நிமிடமே குறையத் தொடங்கிவிடும். பாலியெஸ்டர் என்றால் முதல் 24 மணி நேரத்திலேயே, ஒரு பந்துகூட அடிக்காமல், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடும். 50 பவுண்டு இழுவையில் போட்டது மறுநாள் 45 பக்கம் வந்து நிற்கும். பிறகு வேகம் குறைந்தாலும் இறக்கம் நிற்காது. பைக்குள்ளேயே கிடந்தாலும் இறங்கும், ஆடினால் இன்னும் வேகமாக இறங்கும். இந்த விஷயத்தில் நேச்சுரல் கட்டை மிஞ்ச ஒன்றும் இல்லை. மாட்டுக் குடலிலிருந்து செய்வது, விலை அதிகம், ஈரம் பட்டால் கெடும். ஆனால் போட்ட டென்ஷனை வாரக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். நைலான் வகைகளான சிந்தெடிக் கட், மல்டிஃபிலமென்ட் இரண்டும் நடுவில். டென்ஷனைக் காப்பாற்றுவதில் கடைசி இடம் பாலியெஸ்டருக்குத்தான். சீக்கிரம் அறாது என்பதில் மட்டும் அது முன்வரிசை. குழப்பம் எல்லாம் இங்கேதான்.

1997இல் பிரேசில் ஆட்டக்காரர் குஸ்தாவோ குயெர்த்தன் லக்ஸிலான் நிறுவனத்தின் பாலியெஸ்டரோடு பிரெஞ்சு ஓப்பன் ஜெயித்தார். அதற்குப் பிறகு பெரிய ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். ஆனால் அவர்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். மேட்சுக்கு முந்தைய நாளோ அன்று காலையோ புதிதாகப் போட்ட ராக்கெட்டுகள் பையில் வரிசையாக இருக்கும். முதல் 7 கேம், பிறகு ஒவ்வொரு 9 கேமுக்கும் புதுப் பந்து வரும்போது பலர் ராக்கெட்டையும் மாற்றிவிடுவார்கள். அதாவது சில மணி நேரம் உழைத்துவிட்டு வெட்டி எறிய வேண்டிய ஸ்ட்ரிங் அது. நாம் ஸ்ட்ரிங்கை மட்டும் வாங்கிக்கொண்டோம், மாற்றும் பழக்கத்தை வாங்கவில்லை.

"டென்ஷன் குறைந்தால் மெத்தென்று ஆகும், கைக்கு நல்லதுதானே?" என்பார்கள். நைலானுக்கு ஓரளவு சரி. பாலியெஸ்டரில் டென்ஷனோடு சேர்ந்து துள்ளலும் போகிறது. நல்ல நிலையில் இருக்கும்போது பந்து பட்டு நகர்ந்த மெயின் உடனே தன் இடத்துக்குத் திரும்பும், ஸ்பின் அங்கேதான் கிடைக்கிறது. செத்த ஸ்ட்ரிங் நகர்ந்த இடத்திலேயே நின்றுவிடும். ஸ்பின் குறையும், பந்து பேஸ்லைனைத் தாண்டி விழும். பிள்ளை பயந்து பிடியை இறுக்கும், வீச்சைச் சுருக்கும். கோச் "ஃபாலோ த்ரூ எங்கே?" என்று திட்டுவார். பாவம், பிள்ளை என்ன செய்யும்?

அடுத்த கோரிக்கை: "எப்படியும் குறையும், 4 பவுண்டு ஏத்தியே போட்டுடுங்க." தயவுசெய்து கேட்காதீர்கள். ஏற்றிப் போட்டால் முதல் சில நாட்கள் பலகைபோல இருந்து கையைப் பதம் பார்க்கும், அப்புறம் அதுவும் இறங்கும். பாலியெஸ்டர்தான் வேண்டும் என்றால் நைலானுக்குப் போடுவதைவிட 5 பவுண்டாவது குறைத்துப் போடுங்கள். ஃபிரேமில் அச்சிட்ட அளவைத் தாண்டவே வேண்டாம்.

கடை மாறினால் பழைய நம்பரை அப்படியே சொல்லாதீர்கள். கையால் சுற்றும் கிராங்க் மெஷின் சொன்ன அளவை எட்டியதும் பூட்டிக்கொள்ளும், இழுத்த ஸ்ட்ரிங்கைப் பிடித்து நிறுத்தும் கிளாம்பைப் போடுவதற்குள் அது கொஞ்சம் தளர்ந்துவிடும். எலக்ட்ரானிக் மெஷின் விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். எனவே இரண்டிலும் 52 என்று போட்டாலும் இரண்டாவது விறைப்பாக இருக்கும். கிளாம்ப் வழுக்கினாலும், முடிச்சுப் போடும்போது கை தளர்ந்தாலும் சில பவுண்டு அங்கேயே போகும். போட்டு முடித்ததும் ஓரத்து ஸ்ட்ரிங்குகளை விரலால் அழுத்திப் பாருங்கள். தொளதொள என்று இருந்தால் அங்கேயே கேளுங்கள், வீட்டுக்குப் போய் போன் செய்யாதீர்கள்.

சோதிப்பது சுலபம். அதிர்வைக் குறைக்க ஸ்ட்ரிங்கில் மாட்டும் சின்ன ரப்பரான டேம்ப்பனரைக் கழற்றிவிட்டு ராக்கெட்டைத் தட்டினால் வரும் ஓசையை அளந்து சொல்லும் செயலிகள் போனில் இருக்கின்றன. போட்டு முடித்ததும் ஒருமுறை, மறுநாள் ஒருமுறை, பிறகு வாரம் ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று கவனம்: டென்ஷன் 10 சதவீதம் குறைந்தால் ஓசையின் அதிர்வெண் 5 சதவீதம்தான் குறையும். 600 ஹெர்ட்ஸ் 570 ஆனால் "30தானே" என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ராக்கெட்டோடும் ஒப்பிடாதீர்கள்; தலையின் அளவு, ஸ்ட்ரிங் தடிமன் மாறினால் எண்ணும் மாறும். செயலி இல்லையென்றால் நடு மெயினை நகத்தால் ஒதுக்கிவிட்டு விடுங்கள். அது திரும்பி வரவில்லை, ஒவ்வொரு பாயின்டுக்கும் விரலால் நேராக்க வேண்டியிருக்கிறது என்றால் காலம் முடிந்தது.

பாலியெஸ்டருக்கு 15 மணி நேர ஆட்டம், மிஞ்சினால் 20. அதற்கு மேல் அறாமல் இருந்தாலும் வெட்டிவிடுங்கள். நைலானுக்கு, வாரத்தில் எத்தனை நாள் ஆடுகிறீர்களோ வருடத்தில் அத்தனை தடவை என்ற பழைய கணக்கு போதும். 12 வயதுக்குக் கீழே முழு பாலியெஸ்டர் வேண்டவே வேண்டாம், 1.30 மில்லிமீட்டர் சிந்தெடிக் கட் தாராளம். மாதக்கணக்கில் ஸ்ட்ரிங்கை அறுக்காத பிள்ளைக்கு அறாத ஸ்ட்ரிங் எதற்கு?

ராக்கெட்டை வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டுவிட்டுப் போகாதீர்கள், சூட்டில் இன்னும் வேகமாகத் தளரும். கடையில் ஸ்ட்ரிங்கோடு தொங்கும் ராக்கெட்டை வாங்கினால், அந்த ஸ்ட்ரிங் எத்தனை மாதம் தொங்கியது என்று யாருக்கும் தெரியாது. மாற்றும் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். அறுந்த ஒரு ஸ்ட்ரிங்கை மட்டும் ஒட்டுப்போட்டுத் தரச் சொல்லாதீர்கள். ஒன்று அறுந்தால் ஃபிரேமில் இழுவை ஒரு பக்கமாகச் சாயும், அப்படியே வைத்திருந்தால் ஃபிரேம் கோணும். உடனே நடுவிலிருந்து ஆரம்பித்து, மெயின் ஒன்று, கிராஸ் ஒன்று என்று மாற்றி மாற்றி வெளிப்பக்கமாக வெட்டிக்கொண்டே போங்கள். அதற்கு ஒரு நல்ல கத்தரிக்கோல் போதும், கடைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.