14-க்கு 42: பைக் செயினின் பல் கணக்கு

காரவள்ளியில் இருந்து கொல்லிமலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். போன வருடம் மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, டேங்க் மேல் ஒரு பெரிய பையையும் கட்டிக்கொண்டு, என் பழைய 100 சிசி வண்டியில் ஏறினேன். வளைவு வந்தாலே முதல் கியரும் திணறியது. கிளட்ச்சைப் பாதி பிடித்துப் பிடித்தே ஏற்றினேன். செம்மேடு போய்ச் சேர்ந்தபோது கிளட்ச் கருகிய வாடை. ஊருக்கு வந்ததும் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் வண்டியை விட்டேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "எஞ்சின்ல ஒண்ணும் இல்ல தம்பி. முன்னாடி ஒரு பல்லைக் குறைச்சா ஏறிடும்" என்றார்.

ஒரே ஒரு பல்! அது எப்படி மலையேற்றும் என்று அன்றைக்கு உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

கியர்பாக்ஸில் இருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கிறது. பின்சக்கரத்தோடு பெரிய பல்சக்கரம். பட்டறையில் முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் என்பார்கள். என் வண்டியில் முன்னால் 14 பல், பின்னால் 42. செயின் ஒரு பல்லுக்கு ஒரு கண்ணி என்றுதான் நகரும். அதனால் முன் ஸ்ப்ராக்கெட் மூன்று முறை முழுதாகச் சுற்றினால்தான் பின்சக்கரம் ஒரு முறை சுற்றும். 42-ஐ 14-ஆல் வகுத்தால் 3. இந்த மூன்றுதான் ஃபைனல் டிரைவ் விகிதம், அதாவது கியர்பாக்ஸுக்கு அப்புறம் செயினில் நடக்கும் கடைசிக் குறைப்பு. கேடிஎம் டியூக் 390-யிலும் இதே மூன்றுதான், அங்கே 15-க்கு 45.

வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும்போது முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் பலம், மூன்று மடங்காகிறது. இதில் புதிதாகச் சக்தி எதுவும் பிறப்பதில்லை. எஞ்சின் தரும் குதிரைத்திறன் அதேதான். அதை வேகமாகச் செலவழிப்பதா, இழுவையாகச் செலவழிப்பதா என்பதைத்தான் பற்கள் தீர்மானிக்கின்றன. முன்னால் 13 போட்டால் விகிதம் 3.23 ஆகிறது. பின்சக்கரத்தில் இழுவை 7.7 சதவீதம் கூடும். அதற்கு விலை, அதே எஞ்சின் சுற்றுக்கு வேகம் 7 சதவீதம் குறையும். டாப் கியரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 13 பல்லில் அதே வேகத்துக்கு 5385 சுற்று வேண்டும். 15 பல்லில் 4667 போதும்.

15 போட்டால் டாப் ஸ்பீடு கூடும், மைலேஜும் ஏறும் என்று நிறையப் பேர் ஆசைப்படுகிறார்கள். சின்ன வண்டிகளில் டாப் ஸ்பீடு விஷயத்தில் இது பெரும்பாலும் ஏமாற்றம்தான். காரணம் காற்று. காற்றுத் தடையைத் தாண்டத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. 10 சதவீதம் வேகம் கூட்ட 33 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். 100 சிசி எஞ்சினிடம் அது இருக்காது. டாப் கியரில் எஞ்சின் தன் முழுத் திறனைத் தரும் சுற்றை எட்டவே முடியாமல் போய், பழைய வேகத்தைவிடக் குறைவாக ஓடும் வண்டிகளும் உண்டு. மைலேஜ் வேறு கதை. சமதளத்தில் நிதானமாக ஒரே வேகத்தில் போகிறவருக்கு, எஞ்சின் குறைந்த சுற்றில் ஓடுவதால் உராய்வு குறைந்து கொஞ்சம் லாபம் கிடைக்கலாம். டவுனில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்புகிறவருக்கு அந்த லாபம் ஆக்ஸிலரேட்டர் முறுக்கலிலும் கிளட்ச்சிலும் போய்விடும்.

சரி, எனக்கு வேண்டியது மலையேற்றம். 13-ஐ வாங்கி மாட்டியிருக்கலாம். விலை குறைவு, அரை மணி நேர வேலை. ஆனால் அதே பலனைப் பின்னால் 45 பல் போட்டும் பெறலாம். 45-ஐ 14-ஆல் வகுத்தால் 3.21, கிட்டத்தட்ட அதே விகிதம். முன்னால் ஒரு பல் பின்னால் மூன்று பல்லுக்குச் சமம். இரண்டில் எது நல்லது என்று கேட்டால், செயினின் பக்கம் நின்று யோசிக்க வேண்டும்.

செயின் வளையும் துணி போல வழுவழுப்பாக ஸ்ப்ராக்கெட்டில் படிவதில்லை. அது நேரான துண்டுகளால் ஆனது. ஆகவே 14 பல் ஸ்ப்ராக்கெட் செயினுக்கு ஒரு வட்டமாகத் தெரியாது, 14 பக்கம் கொண்ட பலகோணமாகத்தான் தெரியும். கண்ணி பலகோணத்தின் மூலையில் ஏறும்போது ஆரம் கொஞ்சம் அதிகம், பக்கத்தின் நடுவில் கொஞ்சம் குறைவு. எஞ்சின் சீராகச் சுற்றினாலும் செயின் ஒவ்வொரு பல்லுக்கும் கொஞ்சம் வேகமெடுத்துக் கொஞ்சம் தளர்கிறது. 14 பல்லில் இந்த ஏற்ற இறக்கம் 2.5 சதவீதம். 13-ல் 2.9. 15-ல் 2.2. 42 பல்லில் 0.3 சதவீதம்கூட இல்லை. முன்னால் பல்லைக் குறைக்கக் குறைக்க காலடியில் ஒரு நறநறப்பு தெரிவது இதனால்தான்.

அதோடு போகவில்லை. அதே முறுக்குவிசையைச் சின்ன ஆரத்தில் கொடுத்தால் செயினில் விழும் இழுவிசை கூடும். 13 போட்டால் செயின் 7.7 சதவீதம் கூடுதல் பாரத்தை இழுக்கிறது. பின்னால் 45 போட்டாலோ செயினுக்குப் பாரம் கூடுவதே இல்லை. அதே இழுப்பு பெரிய ஆரத்தில் விழுந்து சக்கரத்தை முறுக்குகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் பின்னால் மாற்றுவதைத்தான் விரும்புகிறேன், செலவு அதிகமானாலும். முன் ஸ்ப்ராக்கெட் மிகவும் சிறிதானால் செயின் சுவிங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கை) மேல் இருக்கும் ரப்பர் பட்டையை உரசித் தேய்க்கும் வாய்ப்பும் கூடுகிறது.

இந்தச் செயினுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் இன்னும் மரியாதை வரும். சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய ஹான்ஸ் ரெனால்ட், மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் நெசவு இயந்திரங்களுக்குச் செயின் செய்துகொண்டிருந்த ஒரு சின்னப் பட்டறையை 1879-ல் வாங்கினார். அடுத்த வருடமே, 1880-ல், புஷ் வைத்த ரோலர் செயினை உருவாக்கினார். அதற்கு முந்தைய செயின்களில், கண்ணிகளைக் கோக்கும் ஆணியான பின்னின் மொத்தப் பாரமும் மெல்லிய தகடுகளின் ஓட்டை விளிம்பில் விழும், சீக்கிரம் தேயும். ரெனால்ட் பின்னைச் சுற்றி ஒரு குழாய் போல புஷ்ஷைப் போட்டார். பாரம் அதன் முழு அகலத்துக்கும் பரவியது. புஷ்ஷுக்கு மேலே சுழலும் ரோலர், பல்லோடு உரசாமல் உருண்டு ஏறி இறங்குகிறது. இன்றைக்கும் நம் வண்டிக்குக் கீழே ஓடுவது அதே அமைப்புதான். மான்செஸ்டரில் நெசவுக்காகப் பிறந்தது, இன்னொரு நெசவு நகரமான கோயம்புத்தூரில் எல்ஜிபி நிறுவனத்தின் ரோலான் செயினாகவும், சென்னை அம்பத்தூரில் டிஐடிசி நிறுவனத்தின் டைமண்ட் செயினாகவும் தயாராகிறது. நம் பட்டறைச் சுவரில் தொங்கும் செயின் பெட்டிகளில் பல நம் ஊரிலேயே செய்தவை என்பதில் எனக்குத் தனி சந்தோஷம் உண்டு.

பெட்டியில் 428 என்று போட்டிருப்பதற்கும் கணக்கு இருக்கிறது. முதல் எண் 4 என்றால் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே எட்டில் நான்கு அங்குலம், அதாவது 12.7 மி.மீ. டியூக் 390-யில் வருவது 520. அங்கே இடைவெளி எட்டில் ஐந்து அங்குலம், 15.875 மி.மீ. கடைசி இரண்டு எண்கள் உள் அகலத்தைக் குறிக்கும். 420-க்கும் 428-க்கும் கண்ணி இடைவெளி ஒன்றுதான், அகலமும் ரோலரின் விட்டமும்தான் வேறு. 420 ஸ்ப்ராக்கெட்டில் 428 செயினை மாட்டினால் மாட்டிக்கொள்வது போலத் தெரியலாம், ஆனால் பள்ளத்தில் சரியாக உட்காராமல் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே ஓடும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

"செயின் இழுத்துடுச்சு" என்கிறோமே, உண்மையில் இரும்பு ரப்பர் போல நீள்வதில்லை. என் வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பின்சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 533 முறை சுற்றுகிறது. முன் ஸ்ப்ராக்கெட் 1600 முறை. அப்படியென்றால் நிமிடத்துக்கு 22,400 கண்ணிகள் அதைத் தாண்டுகின்றன. என் செயினில் 112 கண்ணிகள். ஆக மொத்தச் செயினும் நிமிடத்துக்கு 200 முறை வலம் வருகிறது. ஒவ்வொரு வலத்திலும் ஒவ்வொரு மூட்டும் நான்கு முறை அசைய வேண்டும்: முன்னால் ஏறும்போது மடங்கி, இறங்கும்போது விரிந்து, பின்னாலும் அதேபோல. ஒரு மணி நேரத்தில் ஒரு மூட்டு 48,000 முறை அசைகிறது! பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே தேயத்தானே செய்யும். மூட்டுக்கு 0.1 மி.மீ. தேய்ந்தால் போதும், 112 மூட்டுக்கும் சேர்த்து செயின் 11 மி.மீ.க்கு மேல் நீண்டிருக்கும்.

அப்படி நீண்ட செயினின் கண்ணி இடைவெளி பல்லின் இடைவெளியோடு பொருந்தாது. ரோலர் பள்ளத்தில் உட்காராமல் பல்லின் மேலே மேலே ஏறி உட்காரும். பல் ஒரு பக்கமாகத் தேய்ந்து கொக்கி போல வளையும். பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில் செயினைப் பிடித்துப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் காலம் முடிந்துவிட்டது. செயினை மட்டும் மாற்றினால், வளைந்த பழைய பற்கள் புதுச் செயினைச் சீக்கிரமே தின்றுவிடும். செட்டாக மாற்றச் சொல்வது இதனால்தான், கடைக்காரரின் வியாபாரத்துக்காக இல்லை.

ஓ-ரிங், எக்ஸ்-ரிங் செயின்களில் கிரீஸை அந்த மூட்டுக்குள்ளேயே ரப்பர் வளையம் போட்டு அடைத்து வைத்திருக்கிறார்கள். விலை கூடினாலும் நிறைய ஓட்டுகிறவருக்கு அதுதான் லாபம். அதை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைக்கலாம். பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் வளையத்தைக் கெடுத்துவிடும். அப்புறம், எஞ்சினில் இருந்து வடித்த பழைய ஆயிலைச் செயினுக்கு விடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தக் கறுப்பில் கரியும் நுண்ணிய உலோகத்தூளும் கலந்திருக்கும். மூட்டுக்குள் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது மாதிரி. 90 நம்பர் கியர் ஆயில் பாட்டில் ஒன்று பல மாதங்களுக்கு வரும்.

பல்லை மாற்றும்போது பலர் கவனிக்காத ஒன்று ஒற்றைப்படை, இரட்டைப்படை. செயினில் உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் மாறி மாறி வருவதால் மொத்த எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படைதான். 112-ஐ 14-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 8. அதாவது ஒவ்வொரு பல்லும் வாழ்நாள் முழுக்க அதே எட்டுக் கண்ணிகளைத்தான் சந்திக்கும். ஒரு கண்ணியில் குறை இருந்தால் அது ஒரே பல்லைக் குத்திக்கொண்டே இருக்கும். 15 பல்லாக இருந்தால் ஒவ்வொரு பல்லும் 112 கண்ணிகளையும் முறை வைத்துச் சந்திக்கும், தேய்மானம் எல்லோருக்கும் பங்காகும். டியூக்கின் 15-ல் எனக்குப் பிடித்த விஷயம் இது.

கடைசியில் நான் 45-ஐத்தான் மாட்டினேன். மூன்று பல் கூடியதால் செயினுக்கு ஒன்றரைக் கண்ணி கூடுதல் நீளம் தேவைப்பட்டது. ஒன்றரை கிடைக்காது என்பதால் 114 கண்ணிச் செயின் போட்டு, ஆக்சிலை 3 மி.மீ. பின்னுக்கு நகர்த்தினோம். செயினின் இரு முனைகளையும் இணைக்கும் செயின் லாக்கின் கிளிப்பில் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கும்படி அண்ணன் மாட்டினார். செயினின் தளர்வை மட்டும் நானும் மனைவியும் வண்டியில் உட்கார்ந்திருக்கும்போதும் பார்த்தார். முன் ஸ்ப்ராக்கெட், சுவிங்ஆர்ம் மூட்டு, பின் ஆக்சில் மூன்றும் பாரத்தில் ஒரே கோட்டுக்கு வரும்போதுதான் செயின் அதிகபட்சம் இறுகும். வெறும் வண்டியில் டைட் வைத்தால் அப்போது பேரிங் இடிபடும். ஸ்பீடோமீட்டர் கேபிள் முன்சக்கரத்தில் இருந்து வருவதால் அது பொய் சொல்லவில்லை. கியர்பாக்ஸில் இருந்து வேகம் எடுக்கும் வண்டியாக இருந்தால் மீட்டர் உண்மையைவிட 7 சதவீதம் கூட்டிக் காட்டியிருக்கும்.

இந்தப் பொங்கலுக்கு மறுபடி கொல்லிமலை. அதே பை, அதே இரண்டு பேர். முதல் கியரில் கிளட்ச்சை முழுசாக விட்டே வளைவுகளில் ஏற முடிந்தது. நெடுஞ்சாலையில் 60-ல் எஞ்சின் முன்பைவிடக் கொஞ்சம் உரக்கப் பேசுகிறது, அவ்வளவுதான்.

அடுத்த செட் 15-க்கு 48 போட்டால் என்ன என்று இப்போது யோசிக்கிறேன். விகிதம் 3.2, கிட்டத்தட்ட இதேதான். முன்னால் ஒற்றைப்படைப் பல், நறநறப்பும் குறையும். ஆனால் 48 பல் ஸ்ப்ராக்கெட் 45-ஐவிட விட்டத்தில் 12 மி.மீ. பெரியது. துப்பட்டாவும் சேலையும் சிக்காமல் காப்பாற்றும் செயின் கவரைக் கழற்ற எனக்கு மனமில்லை. அந்தக் கவருக்குள் மேலேயும் கீழேயும் 6 மி.மீ. இடம் மிச்சம் இருக்கிறதா என்று வரும் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பட்டறையில் அளந்து பார்க்கப் போகிறோம்.