முடிச்சுப் போட்ட கவரும் மாட்டின் வயிறும்

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு அம்மா தன் பசுவை ஓட்டிக்கொண்டு வந்தார். பொய்கைச் சந்தையில் வாங்கிய கலப்பினப் பசு. பத்து நாளாகத் தீனி எடுக்கவில்லை, பால் பாதியாகிவிட்டது, இடது பக்க வயிறு மட்டும் உப்பியபடியே இருந்தது. "தவிடும் வைக்கோலும் தவிர வேற எதுவும் போடலியே டாக்டர்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். காலையில் பால் கறந்ததும் மாட்டை அவிழ்த்து விடுவார். மீதியைத் தெரு போட்டது.

விலாவில் மரத்துப்போக ஊசி போட்டு, மாடு நின்றபடியே இருக்க வயிற்றைத் திறந்தோம். கயிறாக முறுக்கிக்கொண்ட கேரி பேக்குகள், பால் கவர்கள், சணல், ஒரு ஹேர் பின். இரண்டு பக்கெட் நிரம்பியது. பல கவர்களில் வாய்ப்பக்கம் போட்ட முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. அந்த முடிச்சுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆடு உதட்டால் பொறுக்கித் தின்னும். மாடு நாக்கால் சுருட்டி, சரியாக மெல்லாமலே விழுங்கிவிட்டு, பிறகுதான் அசைபோடும். கவருக்குள் சாம்பார் சாதம் மணக்கிறது, முடிச்சை அவிழ்க்க அதற்குக் கை இல்லை. கவரோடு விழுங்குகிறது. மாட்டுக்கு வயிறு நாலு அறை. முதல் இரண்டிலிருந்து மூன்றாவதற்குப் போகும் வழி மிகச் சிறியது. பிளாஸ்டிக் அதைத் தாண்டாது. மாதக்கணக்கில் அங்கேயே சேரும். ஊசி, ஆணி, கம்பித் துண்டு இன்னும் மோசம். அவை தங்கும் இரண்டாவது வயிற்றுக்கும் இதயத்துக்கும் நடுவே இருப்பது உதரவிதானம் என்ற தசைத்திரை மட்டும். மாடு கன்று போட முக்கும்போது கம்பி இதயம் வரை குத்திவிடும். அந்த நிலையில் வந்த மாடுகளில் அநேகமாக எதையும் என்னால் காப்பாற்ற முடிந்ததில்லை.

நம் நாட்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-லேயே வீட்டுக் குப்பையை மூன்றாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டன: மக்கும் குப்பை, மக்காத குப்பை, பேட்டரி, காலாவதி மருந்து போன்ற அபாயகரமான குப்பை. நாப்கின், டயப்பரைத் தனியாகப் பேப்பரில் சுற்றித் தர வேண்டும். தெருவில் வீசுவதும் எரிப்பதும் கூடாது. மக்குவது உரக்கூடத்துக்கும், மக்காததில் விலை போவது பழைய பொருள் கடைக்கும், எதற்கும் உதவாத பிளாஸ்டிக் சிமென்ட் ஆலைக்கு எரிபொருளாகவும் போக வேண்டும் என்பது ஏற்பாடு. இந்த வழியெல்லாம் நம் அடுக்களையில்தான் தொடங்குகிறது. முடிச்சுப் போட்ட ஒரே கவரில் எல்லாவற்றையும் திணித்துக் கொடுத்தால், தூய்மைப் பணியாளர் அதைக் கிழித்துக் கையால் பிரிக்க வேண்டும். உள்ளே உடைந்த கண்ணாடி இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? பிரிக்காமல் விட்டால் கிடங்குக்குப் போகும். சதுப்பேரியில் குப்பை எப்படி மலையாக ஏறியது என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கேரி பேக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை இருக்கிறது. பால் கவர், எண்ணெய் கவர் அந்தத் தடையில் வரவில்லை. அவற்றைக் கழுவிக் காயவைத்து மக்காத குப்பையில் சேருங்கள். பால் கவரின் மூலையை வெட்டும்போது துண்டு தனியாக விழாதபடி வெட்டினால் இன்னும் நல்லது.

அப்புறம், மாட்டுக்குச் சாப்பாடு வைப்பது. புண்ணியம் என்று மண்டபத்தில் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு கொட்டுகிறார்கள். அளவுக்கு மீறிய சோறு வயிற்றில் புளித்து அமிலமாகி, ஒரே நாளில் மாட்டைச் சாய்த்துவிடும். அப்படிப் படுத்துவிட்டால் காத்திருக்காமல் 1962-க்குப் போன் செய்யுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும். கொடுக்க ஆசையிருந்தால் காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், கீரைத்தண்டு போதும். கவர் இல்லாமல், மாட்டுக்காரரிடமே கொடுங்கள்.

அந்த அம்மா இப்போது வாசலில் ஒரு பிளாஸ்டிக் டிரம் வைத்திருக்கிறார். தெருவில் நாலைந்து வீட்டுக்காரர்கள் காய்கறித் தோலைக் கொண்டுவந்து அதில் கொட்டுகிறார்கள். மாட்டுக்கு வைக்கும் முன் கையை விட்டு ஒருமுறை துழாவிப் பார்த்துவிடுகிறார். தையல் பிரிக்கப் போனபோது பார்த்தேன், பசு அசைபோட்டுக்கொண்டு நின்றது.