ஒலிபெருக்கி: பெருக்காத ஒரு பெருக்கி

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா ஹாலைப் பெருக்கினால் சாயங்காலம் மிருதங்கம் மாறியிருக்கும். துடைப்பம் போக வழி வேண்டும் என்று இரண்டு ஸ்பீக்கர்களையும் ஸ்டாண்டோடு நகர்த்திச் சுவர் மூலையில் ஒட்டிவிடுவார். அப்புறம் பாட்டுப் போட்டால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து, அதாவது இடப்பக்கத்துக் கனத்த நாதம் ஹால் முழுக்க வீங்கிக் கிடக்கும். பாடுகிறவரின் சொற்கள் அதற்குள் புதைந்துபோகும். என் ஒலிபெருக்கிகளில் எதையாவது பெருக்கியது யார் என்று கேட்டால், நியாயமாக அம்மாவைத்தான் சொல்ல வேண்டும்.

ஒலி + பெருக்கு + இ. பெருகு தன்வினை, பெருக்கு பிறவினை. ஒலியைப் பெருகச் செய்யும் கருவி ஒலிபெருக்கி. கணக்கில் பெருக்குவதும் இதே பெருக்குதான். ஆடிப்பெருக்கிலும் இதுதான் ஓடுகிறது. பலர் ‘ஒலிப்பெருக்கி’ என்று எழுதுகிறார்கள். கதை சொன்னான், மோர் குடித்தான் என்பவைபோல இதுவும் இரண்டாம் வேற்றுமைத் தொகை. நடுவில் ‘ப்’ வேண்டாம்.

இலக்கணம் சரி. பொருள்தான் இடிக்கிறது.

பென்சில் பேட்டரி ஒன்றை எடுத்து, அதிலிருந்து இரண்டு ஒயர்களை ஸ்பீக்கரின் பின்பக்க முனைகளில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும்; முன்னால் இருக்கும் கூம்பு முன்னே தள்ளி அப்படியே நிற்கும். ஒயரை எடுத்தால் திரும்பிவிடும். ஒயரை மாற்றித் தொட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். வேலை அவ்வளவுதான். காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச்சுருள். மின்சாரம் போகிறபடி அது அசைகிறது, அதோடு ஒட்டிய கூம்பு காற்றைத் தள்ளுகிறது. வந்த மின்சாரம் ஒலியாக மாறியது, எதுவும் பெருகவில்லை. சொல்லப்போனால் பெரும்பகுதி வீணாகிறது. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் 86 டெசிபல் தரும் வீட்டு ஸ்பீக்கர், தனக்கு வந்த மின்சாரத்தில் கால் சதவீதத்தைத்தான் ஒலியாக்குகிறது. 100 வாட் கொடுத்தால் கால் வாட் ஒலி. மிச்சம் எல்லாம் சுருளில் சூடாகப் போய்விடும்.

அப்படியானால் இந்தப் பெயர் எப்படி ஒட்டியது? ஆங்கிலத்தின் லவுட்ஸ்பீக்கரைத் தமிழாக்கியதில் வந்தது. ஆங்கிலப் பெயர் தொலைபேசியிடமிருந்து வந்தது. ஆரம்பத்தில் அதைக் காதில் வைத்துத்தான் கேட்க வேண்டும். காதில் வைக்காமலே கேட்கும்படி உரக்கப் பேசும் தொலைபேசி ஒன்று கிடைக்காதா என்று தேடியவர்கள் வைத்த பெயர் அது. ஆங்கிலேய இயற்பியலாளர் ஆலிவர் லாட்ஜ் 1898-இல் காப்புரிமை பெற்ற கம்பிச்சுருள் கருவிக்கு ‘முழங்கும் தொலைபேசி’ என்கிற பொருளில்தான் பெயர். 1915-இல் கலிஃபோர்னியாவின் நாபாவில் பொறியாளர்கள் ஜென்சனும் பிரிதமும் அத்தகைய சுருளோடு ஒரு புனலைப் பொருத்தினார்கள். அதற்கு மேக்னவாக்ஸ் என்று பேர், லத்தீனில் பெருங்குரல்.

புனல் என்பதைக் கவனியுங்கள். திருவிழாவில் தென்னைமரத்தில் கட்டுகிறார்களே, குழாய் ஸ்பீக்கர், அது இந்த வம்சம்தான். குறுகலாகத் தொடங்கி விரிந்துபோகும் புனல் சிறு தகட்டின் அசைவை வெளிக்காற்றோடு இணைத்துவிடுவதால் வீணாவது வெகுவாகக் குறையும். ஸ்பீக்கருக்குப் போகும் மின்சாரத்தை வலுவாக்கும் ஆம்ப்ளிஃபையர் பலவீனமாக இருந்த காலத்தில் ஊருக்குக் கேட்கவைத்தது அதுதான். அந்தக் குழாய்க்கு ஒலிபெருக்கி என்ற பெயர் பொருந்தும். 1925-இல் அமெரிக்கப் பொறியாளர்கள் ரைஸும் கெல்லாக்கும் புனலைக் கழற்றிவிட்டு, கூம்பே நேராகக் காற்றைத் தள்ளும் ஸ்பீக்கரை வடித்தார்கள். ஒலி சுத்தமானது, திறன் போனது. அதை ஈடுகட்ட ஆம்ப்ளிஃபையர் வலுவானதாக வேண்டியிருந்தது. பெருக்கும் வேலை அந்தப் பக்கம் போய்விட்டது. பெயர் மட்டும் இந்தப் பக்கமே தங்கிவிட்டது. நம் பள்ளி இயற்பியல் நூல்கள் ஆம்ப்ளிஃபையரைப் பெருக்கி என்கின்றன. ஆக, பெருக்கியிலிருந்து ஒயர் வந்து ஒலிபெருக்கியில் சேர்கிறது! படிக்கிற பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

பெயர் தரும் இந்தக் குழப்பம் பர்ஸையும் பதம் பார்க்கிறது. ஸ்பீக்கர் மாற்றப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி ‘எத்தனை வாட்?’ என்பதுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். 50 வாட்டிலிருந்து 100-க்குப் போனால் கூடுவது 3 டெசிபல்; காதுக்கு அது கொஞ்சம்தான். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். ஸ்பீக்கரில் பார்க்க வேண்டியவை வேறு. வாங்கிய பிறகு அதை எங்கே வைக்கிறோம் என்பது இன்னும் பெரிது.

ஏனென்றால் வீட்டில் ஒலியைக் கூட்டிக் கொடுப்பது சுவர். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். அவ்வளவு நீள அலைக்குச் சின்னப் பெட்டி ஒரு தடையே இல்லை. சுற்றிக்கொண்டு பின்பக்கமும் போகும், சுவரில் பட்டுத் திரும்பி முன்னால் போவதோடு சேர்ந்துகொள்ளும். ஒரு சுவர் அருகில் இருந்தால் கீழ் ஒலி 6 டெசிபல் வரை ஏறலாம். மூலையில் இரண்டு சுவரும் தரையும் கூட்டுச் சேர்ந்துவிடும். இதையே முதலாக்கிக்கொண்டவர் அமெரிக்கப் பொறியாளர் பால் கிளிப்ஷ்: 1940-களில் அவர் செய்த கிளிப்ஷ்ஹார்ன் என்ற ஸ்பீக்கர் மூலையில் வைப்பதற்கென்றே ஆனது, அறைச்சுவர்கள் அதன் புனலின் தொடர்ச்சி. மற்றப் பெட்டிகளுக்கு மூலை ஆகாது. ஷோகேஸ் தட்டுக்குள் திணிப்பது அதைவிட மோசம்.

என் ஹாலில் பின்சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தபோது மிருதங்கம் தெளிந்தது. இரண்டு பெட்டிக்கும் நடுவே ஏழடி, என் நாற்காலிக்கும் ஒவ்வொன்றுக்கும் அதே ஏழடி. பெட்டிகளின் முகத்தை லேசாக உள்பக்கம் திருப்பினேன். பாடகி இரண்டுக்கும் நடுவே, வெறும் சுவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். பெட்டியில் மேல் ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர், உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் இருக்க வேண்டும். 10,000 ஹெர்ட்ஸ் அலை மூன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை, டார்ச் வெளிச்சம்போல நேராகத்தான் போகும். பறவை கீச்சிடுவதிலிருந்து வந்த பெயர் ட்வீட்டர்; கீழ் ஒலிகளைத் தரும் பெரிய ஸ்பீக்கருக்கு நாய் குரைப்பதிலிருந்து வூஃபர். இசைத்தமிழில் இவற்றுக்குப் பழைய இணைகள் உண்டு: மேல் ஸ்தாயி வலிவு, கீழ் ஸ்தாயி மெலிவு. ஆனால் பத்து அங்குல வூஃபரை மெலிவு என்று சொன்னால் கடைக்காரர் சிரிப்பார். மேலுக்குத் தாரம், கீழுக்கு மந்தரம் என்பவை பொருந்தும்.

அப்படியானால் ஸ்பீக்கருக்கு எது தகும்? ஒலிப்பான் என்றால் வண்டி ஹாரன் நினைவுக்கு வரும். எனக்குப் பிடித்தது ஒலிவழங்கி. மைக்குக்கு ஒலிவாங்கி என்று ஏற்கெனவே அழகாகச் சொல்கிறோம். வாங்குவதற்கு எதிர் வழங்குவது. கருவிகளும் அப்படித்தான், ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றது. பழைய இன்டர்காமில் ஒரே ஸ்பீக்கர்தான் பேசும்போது மைக்காகவும் இருக்கும். கணினிக்காரர்கள் சர்வரை வழங்கி என்று எடுத்துக்கொண்டது ஒரு சிக்கல். ‘ஒலி’ முன்னால் நிற்கும்போது குழப்பம் வராது என்பது என் எண்ணம். குழாய்க்கு ஒலிபெருக்கியை விட்டுவிடலாம், அது உழைத்து வாங்கிய பெயர்.

தரையில் ஸ்டாண்டு நிற்கும் இடங்களை வெள்ளை டேப் ஒட்டிக் குறித்திருக்கிறேன். அம்மா இப்போது பெருக்கி முடித்ததும் அதே குறியில் கொண்டுவந்து வைத்துவிடுகிறார். அவருக்கு அது இன்னும் ரேடியோப் பெட்டிதான்.