கேம்பர் ஏற்றிய டிரக்: ரிவர்ஸ் கேமராவை எங்கே மாற்றி வைப்பது?

பிக்கப் டிரக்கின் திறந்த பின்தொட்டியில் கேம்பரை, அதாவது முகாமில் தங்குவதற்கான சிறு அறையை, ஏற்ற வேண்டுமென்றால், பெரும்பாலும் தொட்டியின் பின்கதவான டெயில்கேட்டைக் கழற்றியாக வேண்டும். இப்போது வரும் டிரக்குகளில் ரிவர்ஸ் கேமரா அந்த டெயில்கேட்டின் கைப்பிடியிலோ லோகோவுக்கு அருகிலோதான் இருக்கிறது. டெயில்கேட் கராஜுக்குள் போனால் கேமராவும் கூடவே போய்விடும். உள்கண்ணாடியைப் பார்த்தால் கேம்பரின் முன்சுவர்தான் தெரியும். மிச்சம் இருப்பவை பக்கக் கண்ணாடிகள் மட்டுமே. வண்டிக்கு நேர் பின்னால் நிற்கும் ஆளை அவை காட்டாது.

கனடாவின் கால்கரியில் வண்டிகளுக்கு கேமராவும் டிரெய்லர் வயரிங்கும் போட்டுக் கொடுப்பது என் தொழில். ராக்கி மலைப் பக்கம் முகாமுக்குக் கிளம்புகிறவர்கள், மே மாதம் பிறந்துவிட்டால் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். பலரும் இதை ஒரு வசதிக் குறைவாக மட்டுமே பார்க்கிறார்கள். "நாலு நாள்தானே, கண்ணாடியை வைத்துச் சமாளித்துக்கொள்கிறேன்" என்பார்கள். முகாம் தளத்தில் சைக்கிள் ஓட்டித் திரியும் குழந்தைகளை நினைத்தால் எனக்கு அதை ஏற்க முடிவதில்லை.

இந்த கேமரா சும்மா வந்ததல்ல. 2002-ல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில், கேமரன் குல்பிரான்சன் என்ற இரண்டு வயதுக் குழந்தை, தந்தை பின்னோக்கி எடுத்த வண்டியில் அடிபட்டு இறந்தான். அவன் பெயரில் வந்த சட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 2018 மே முதல் அமெரிக்காவில் 10,000 பவுண்டு வரையிலான புது வண்டிகளுக்குப் பின்பக்க கேமரா கட்டாயமானது. கனடாவிலும் அதே மாதம் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க விதிப்படி, வண்டிக்குப் பின்னால் 10 அடி அகலமும் 20 அடி நீளமும் உள்ள பரப்பு திரையில் தெரிய வேண்டும். கேம்பரை ஏற்றும்போது நாம் இழப்பது அந்தப் பரப்பைத்தான்.

சரி, எங்கே மாற்றுவது? பலர் முதலில் கை வைப்பது பம்பரில். நம்பர் பிளேட்டுக்கு மேல் பொருத்தும் பிராக்கெட்டும் நீட்டிப்பு வயரும் சேர்ந்த கிட் கிடைக்கிறது. டிரக்கின் சொந்த கேமராவையே அதில் உட்கார வைத்துவிடலாம். வேலை சுலபம், படமும் பழைய திரையிலேயே வரும். ஹிட்ச் பாலுக்கு (டிரெய்லரை மாட்டும் உருண்டைக்கு) மேலேயே இருப்பதால் டிரெய்லரை மாட்டுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. பிளேட்டின் எண்ணை மறைக்காமல் பொருத்தினால் போதும்.

சிக்கல் எங்கே என்றால், கேம்பர் பம்பரோடு நிற்பதில்லை. பல கேம்பர்கள் பம்பரைத் தாண்டி இரண்டு மூன்று அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். போன கோடையில் ஒரு தமிழ்த் தம்பி, தானே பம்பரில் கேமராவை மாற்றிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். "அண்ணா, படம் நல்லாத்தான் வருது, கோடு மட்டும் கொஞ்சம் தள்ளித் தெரியுது" என்றார். தூரத்தைக் காட்ட ரிவர்ஸ் படத்தின் மேல் விழும் மஞ்சள், சிவப்புக் கோடுகளைத்தான் சொன்னார். ஒரு பிளாஸ்டிக் கூம்பைக் கேம்பரின் பின் ஏணியைத் தொடும்படி நிறுத்திவிட்டு, அவரை உள்ளே உட்கார்ந்து திரையைப் பார்க்கச் சொன்னேன். கூம்பு மஞ்சள் கோட்டுக்குள் நின்றது. சிவப்புக் கோட்டுக்கு இன்னும் நிறைய இடம் இருப்பது போலத்தான் திரை காட்டியது. நிஜத்தில் ஒரு அங்குலம்கூட மிச்சமில்லை.

அந்தக் கோடுகள் டெயில்கேட்டின் உயரத்துக்கும் சாய்வுக்கும் கணக்குப் போட்டு வரையப்பட்டவை. கேமராவை ஒரு அடி இறக்கினாலே அவை பொய்யாகிவிடும். கோட்டை அணைக்க வழி இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால், கேம்பரின் பின்விளிம்புக்கு நேர் கீழே தரையில் ஒரு கூம்பு, அங்கிருந்து 3 அடியில் ஒன்று, 10 அடியில் ஒன்று வைத்து, அவை திரையில் எங்கே தெரிகின்றன என்று பார்த்து, திரையின் ஓரத்தில் மெல்லிய டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். கால் மணி நேர வேலை. இதைச் செய்யாமல் நான் வண்டியைத் திருப்பிக் கொடுப்பதில்லை. இன்னொன்று: டிரெய்லரைப் பின்னோக்கி எடுக்க உதவும் ஃபோர்டின் ப்ரோ டிரெய்லர் பேக்கப் அசிஸ்ட் போன்ற வசதி, பல வண்டிகளில் டிரெய்லரில் ஒட்டிய கட்டம் போட்ட ஸ்டிக்கரை டெயில்கேட் கேமரா வழியே பார்த்து இயங்குவது. கேமராவை இடம் மாற்றியபின் அதை நம்பி டிரெய்லரைப் பின்னோக்கி எடுக்க வேண்டாம்.

கேபினுக்குப் பின்னால், மூன்றாவது பிரேக் லைட்டோடு சில டிரக்குகளில் ஒரு கேமரா இருக்கும். அது போதுமே என்று கேட்பார்கள். கேம்பர் ஏறியதும் அதற்குத் தெரிவது கேம்பரின் சுவர்தான்.

ஆகவே பின்னால் நிற்கும் ஆளைப் பார்க்க, கேம்பரின் பின்சுவரில் மேலே ஒரு தனி கேமரா வேண்டும். பம்பர் கேமரா ஹிட்சுக்கு, மேல் கேமரா ஆளுக்கு. ஒரே கேமரா இரண்டையும் பார்க்கும் இடம் என்று கேம்பர் வண்டியில் ஒன்று கிடையாது. மேலே வைப்பதை, கேம்பரின் கீழ் விளிம்பு படத்தின் அடியில் கொஞ்சம் தெரியும் அளவுக்குக் கீழே சாயுங்கள். வானம் தெரியும் படத்தால் பயனில்லை.

அந்த கேமராவுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்பதையும் கவனியுங்கள். பல கேம்பர்களில் தொழிற்சாலையிலேயே கேமராவுக்கு வயர் இழுத்து வைத்திருப்பார்கள். அது பெரும்பாலும் மார்க்கர் விளக்கோடு (ஹெட்லைட்டோடு எரியும் ஓர விளக்கோடு) சேர்ந்தது. ஹெட்லைட் போடாத பகலில் படம் வராது. டிரக்கின் கரண்டைக் கேம்பருக்குக் கொடுக்கும் ஏழு முனை பிளக்கின் நடு முனை பொதுவாக ரிவர்ஸ் விளக்குக்கானது. அதைச் சோதித்துப் பார்த்து அங்கிருந்து எடுத்தால், கியர் போட்டதும் படம் வரும். ஆனால் நெடுஞ்சாலையில் பின்னால் வருவதையும் பார்க்க ஆசைப்பட்டால் அது ஒத்துவராது, சாவியோடு இயங்கும் இணைப்பு தேவை. வயர்லெஸ் வேண்டுமா என்று கேட்டால், என் விருப்பம் வயர்தான். குறிப்பாக போனில் பார்க்கும் வைஃபை கேமராவைத் தவிர்த்துவிடுங்கள். படம் தாமதமாக வரும், சில சமயம் உறைந்தே நின்றுவிடும்.

துளை போடும் வேலையில்தான் கேம்பர்கள் பாழாகின்றன. துளைக்கு பியூட்டைல் டேப்பும் (ரப்பர் போல ஒட்டும் பட்டை) கேம்பருக்கான சீலன்ட்டும் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) போடுங்கள். வயரை உள்ளே நுழைப்பதற்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு கொடுத்தால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஒரு கசிவு உள்ளிருக்கும் மரச்சட்டத்தை அழுக வைத்துவிடும். அது கண்ணில் படுவதற்குள் சுவரே உப்பியிருக்கும்.

டிரெய்லரும் இழுக்கிறீர்களா? கேம்பர் வெளியே நீட்டுவதால் ஹிட்ச் நீட்டிப்பு போட வேண்டிவரும். அப்போது ஹிட்ச் பால் பம்பரை விட்டுத் தள்ளிப்போகிறது. பம்பர் கேமராவைச் சற்று நிமிர்த்தி வைத்து, மறுபடி கூம்பு வைத்துப் பாருங்கள். நீட்டிப்பின் எடை வரம்பையும் அப்படியே படித்துவிடுங்கள், பெரும்பாலும் அது ஹிட்சின் வரம்பைவிடக் குறைவு. டிரெய்லரின் பின்புறத்தைப் பார்க்க அதற்கென்று தனி கேமரா தேவை. கேம்பரின் மேல் கேமராவுக்கு டிரெய்லரின் முன்முகம்தான் தெரியும்.

வயரை வெட்டி ஒட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை. பழைய கேமராக்கள் அனலாக் சிக்னல் அனுப்பின. புது டிரக்குகள் பலவற்றில் கோஆக்ஸ் வயரில் (நடுக்கம்பியைச் சுற்றி உறையுள்ள வயரில்) டிஜிட்டல் சிக்னல் போகிறது. அதை வெட்டி முறுக்கி ஒட்டினால் படமே வராது. உங்கள் வண்டியின் மாடலுக்கும் ஆண்டுக்கும் பொருந்தும் நீட்டிப்பு வயரையே வாங்குங்கள்.

டெயில்கேட்டைக் கழற்றியதும் திறந்து கிடக்கும் கனெக்டருக்கு மூடி போடுங்கள். இங்கே சாலையில் கொட்டும் உப்பு ஒரே குளிர்காலத்தில் அதன் பின்களைப் பச்சையாக்கிவிடும். சீசன் முடிந்து டெயில்கேட்டைத் திரும்ப மாட்டும்போது அந்தக் கனெக்டரில் கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ் (ஈரம் புகாமல் காக்கும் கிரீஸ்) தடவுங்கள். அப்புறம் ரிவர்ஸ் கியர் போட்டு, பழைய இடத்தில் பழைய கோடுகள் சரியாக விழுகின்றனவா என்று கூம்பை வைத்தே பார்த்துவிட்டு, திரையில் ஒட்டிய டேப்பை அப்போதே உரித்துவிடுங்கள்.