ஊசியைத் தொடும் முன் ஒரு துண்டு

போன மார்கழியில் ஓர் அம்மா பையோடு வந்தார். கொடைக்கானலில் நான் பின்னல் சொல்லிக்கொடுக்கும் அறையின் மேசைமேல் ஸ்வெட்டரை விரித்தார். மூன்று மாத உழைப்பு. கணவரின் மார்புச் சுற்று 38 அங்குலம். தாராளத்துக்கு இரண்டு சேர்த்து 40 வரவேண்டும். டேப்பை வைத்தால் 44.

“புத்தகத்துல சொன்ன மாதிரி 220 கண்ணிதான் போட்டேன் டீச்சர்.”

கண்ணி என்றால் ஊசியில் விழும் ஒவ்வொரு நூல் வளையம். தப்பு எண்ணிக்கையில் இல்லை. அந்தப் புத்தகக் கணக்கு 10 செ.மீ.க்கு 22 கண்ணி, அதாவது அங்குலத்துக்கு ஐந்தரை. இவர் கை கொஞ்சம் தளர்வு, 10 செ.மீ.க்கு 20தான் விழுந்தது, அங்குலத்துக்கு ஐந்து. அரைக் கண்ணி வித்தியாசம்தான், சுற்றி வரும்போது நாலு அங்குலமாகிவிட்டது. “மாதிரித் துண்டு பின்னிப் பார்த்தீங்களா?” என்றேன். “அது நூல் வீண்தானே?”

பத்தில் எட்டுப் பேர் இதையேதான் சொல்கிறார்கள்.

ஸ்வெட்டருக்கு எடுத்த அதே நூல், அதே ஊசியில் மாதிரித் துண்டாக 15 செ.மீ. சதுரம் ஒன்று பின்னுங்கள். ஸ்வெட்டரை எப்படித் துவைக்கப் போகிறீர்களோ அப்படியே அதைத் துவைத்து, தொங்கவிடாமல் விரித்துக் காயவையுங்கள். பிறகு ஓரத்தை விட்டு நடுவில் 10 செ.மீ. அளந்து எண்ணுங்கள். அரைக் கண்ணியையும் விடாதீர்கள். துவைக்கும் முன் அளந்தது கணக்கில் சேராது. தண்ணீர் பட்டதும் கம்பளி உப்பும். மெஷினில் போடலாம் என்று விற்கிற கம்பளியில் சில நீளமாகத் தொங்கிவிடும்.

நூல் வாங்கும்போது லேபிளில் லாட் நம்பரை, அதாவது ஒன்றாகச் சாயம் தோய்த்த தொகுப்பின் எண்ணைப் பார்த்து, ஒரே லாட்டில் ஓர் உருண்டை கூடுதலாகவே எடுங்கள். குறைந்தபின் கடைக்கு ஓடினால் அந்த நீலம் அங்கே இருக்காது, இன்னொரு நீலம்தான் இருக்கும்.

கையால் நூற்பவர்களுக்குக் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். ஆட்டு ரோமம் எல்லாமே கழுத்துக்கு ஆகிவிடாது. 30 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழை தோலைக் குத்தும். மேச்சேரி ஆட்டில் கம்பளியே கிடையாது, அது கறிக்கான இனம். கோவைப் பக்கத்துக் குறும்பை ஆட்டின் முரட்டு ரோமம் போர்வைக்குச் சரி. மெல்லிய கம்பளி என்றால் நீலகிரி ஆடு, இல்லையென்றால் இங்கே மன்னவனூர் ஆராய்ச்சி மையத்தில் வளர்க்கிற பாரத் மெரினோ. வெட்டிய ரோமத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் இருக்கும். கழுவியபின் எடை போட்டுவிட்டுத் திட்டமிடுங்கள்.

நான் பட்டதையும் சொல்கிறேன். முதல் கைநூல் ஸ்வெட்டருக்குப் பாதி நூற்றதுமே பின்ன உட்கார்ந்துவிட்டேன். மீதியை இரண்டு மாதம் கழித்து, கையால் சுழற்றும் தக்கிளியில் நூற்றேன். அதற்குள் கை தேறியிருந்தது, நூல் மெலிந்துவிட்டது. ஸ்வெட்டரின் இடது கை கெட்டியாக, வலது கை வலைபோல. இப்போதெல்லாம் முழுவதையும் நூற்று முடித்துத்தான் இழைகளைச் சேர்த்து முறுக்கிப் புரி சேர்ப்பேன். முதலில் நூற்ற துணுக்கை ஓர் அட்டையில் சுற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நடுநடுவே ஒப்பிடுவேன்.

அந்த அம்மா ஸ்வெட்டரை அங்கேயே அவிழ்த்தார். நூடுல்ஸ் மாதிரி சுருண்டு வந்த நூலைப் பெரிய வளையமாக, சிட்டமாகச் சுற்றி, நனைத்து, கொடியில் மாட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் வந்தபோது கையில் துவைத்துக் காய்ந்த சதுரம் ஒன்று இருந்தது. எண்ணினோம்: 20. இந்தமுறை 200 கண்ணி போட்டார்.